சமுதாயக் கல்லூரி வழியே ஒரு பட்டம்



சில ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் கல்வி கற்ற மாணவி ஒருவர் கலிபோர்னியாவிலிருந்து எனக்கு ஒரு மடல் எழுதினார். திருமணமாகிக் கணவருடன் அங்கே குடியேறியவர் அவர். இங்கே உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பாடங்கள் மூன்றிலும் சித்தியடைந்தும், இஸட் புள்ளி சற்றே குறைந்தமையாற் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கக் கொடுத்துவைக்காதவர். அங்கே பகலில் ஒரு கடையிற் கணக்கெழுதி வந்தார். “சேர், இங்கே சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கின்றது. இரவில் வீட்டிலிருந்தே இணையவழியாகப் படிக்கலாம் என்கிறார்கள். கட்டணமும் குறைவு. சேரலாமா?” என்பது அவர் கேள்வி. “தாராளமாகச் சேரும், பிள்ளை. கிடைக்கின்ற பாடத்தைப் படியும், படித்தது ஒருபோதும் வீண்போகாது” என்று நான் மறுமொழி எழுதினேன்.

அம்மறுமொழியின் முற்பாதி சரி, பிற்பாதி பிழை. அப்பிழையால் அவர் இழந்தது எவ்வளவு என்பதைப் பின்னர் கூறுவேன். கடல்கடந்து வாழும் உறவினர் பலரிடமிருந்து இத்தகைய கேள்விகள் நம் வீடுகளுக்கு வருவதால், இவ்விடயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

அமெரிக்காவில் இளமாணிப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய பொதுப் பாடங்களைக் குறைந்த செலவிற் கற்பிக்கும் அரசாங்கக் கல்லூரியே சமுதாயக் கல்லூரி. அங்கே இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிச்சென்று எஞ்சிய இரண்டாண்டுகளைப் படித்துப் பட்டம் பெறலாம். பட்டச் சான்றிதழை வழங்குவது அந்தப் பல்கலைக்கழகமே. தாதியர் தொழில், மோட்டார்ப் பொறித் திருத்தம் முதலாய தொழிற்கல்விகளும் இக்கல்லூரிகளில் உண்டு.

இதன் தோற்றம் பாடசாலை அதிபர்களாகிய எங்களுக்கு ஒருவகைப் பெருமை தருவது. 1901 ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலத்து ஜோலியற் நகரில், உயர் பாடசாலையொன்றின் தலைவராயிருந்த ஸ்டான்லி பிரவுண் என்பவரும், சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பரும் கலந்து பேசி, பாடசாலைப் படிப்பின் மேல் இரண்டாண்டுகளைச் சேர்த்து நடத்த முற்பட்டனர். முதலிற் சேர்ந்தவர் ஆறே மாணவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர் இலட்சக் கணக்கிற் கல்விக்குத் திரும்பியபோது, ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த ஆணைக்குழு, 1947 இல், கட்டணமின்றிக் கற்பிக்கும் இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் நிறுவவேண்டுமென்று பரிந்துரைத்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அதன் பின்னரே. இன்று கலிபோர்னியாவில் மாத்திரம் 116 கல்லூரிகள் உள.

கட்டணத்தைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்வியில் ஒவ்வொரு பாடமும் இத்தனை கிரெடிற் என்று அளக்கப்படும். நாம் அதனை அலகு என்போம். ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று அலகு. முழுப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 அலகு. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் 1984 வரை கட்டணமே இல்லை. அவ்வாண்டு அலகொன்றுக்கு 5 டொலர் விதித்தனர். அது படிப்படியாக ஏறி, 2012 இல் 46 டொலராகி அவ்வளவில் நின்றது. அக்கணக்கின்படி முதற் பாதியாகிய 60 அலகுக்கும் 2,760 டொலர். அதே மாநிலத்தின் அரசப் பல்கலைக்கழகத் தொகுதியில் ஓராண்டுக் கட்டணம் மாத்திரம் 2024 இல் 6,000 டொலரைத் தாண்டிவிட்டது. வருமானம் குறைந்த மாநில வாசிகள் சமுதாயக் கல்லூரியின் கட்டணத்திலிருந்து விலக்கும் கோரலாம். வீட்டிலிருந்தே படிப்பதால் விடுதிச் செலவும் இல்லை. பாடநூலின் விலை அங்கே மாணவரின் முதுகை முறிப்பது. அதற்கும், ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓப்பன்ஸ்ராக்ஸ் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டுவரும் நூல்கள் ஓரளவு பரிகாரமாயின. பொருளியல், கணக்கியல், புள்ளிவிபரவியல் முதலாய அந்நூல்களை ஆங்கிலம் வாசிக்கக்கூடிய நம் உயர்தர மாணவரும் இங்கிருந்தே படிக்கலாம். எவரும் அனுமதி கேட்கமாட்டார்.

இனி, வீட்டிலிருந்து படித்தல் எனும் பகுதிக்கு வருவோம். இது கணினியோடு பிறந்ததென்று எண்ணுதல் தவறு. வானொலிக்குச் செவிசாய்த்து அமர்ந்திருக்கும் உங்களுக்கு இவ்வரலாறு சுவையானதாக இருக்கும். 1956 இல் சிக்காகோ நகரின் கனிட்ட கல்லூரி, தொலைக்காட்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. விரிவுரை ஒளிபரப்பாகும், வீட்டிலிருப்போர் குறிப்பெடுத்து, பயிற்சிகளைத் தபாலில் அனுப்பி, பரீட்சைக்கு மாத்திரம் கல்லூரிக்குச் செல்வர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்த தாய்மாருக்கும் அது கல்லூரியாயிற்று. 1976 இல் கலிபோர்னியாவின் கோஸ்ற்லைன் கல்லூரியும், 1978 இல் அரிசோனாவின் ரியோ சலாடோ கல்லூரியும் சுவரில்லாக் கல்லூரிகளாகவே நிறுவப்பட்டன. தொலைக்காட்சியின் இடத்தை இணையம் பின்னர் எடுத்துக்கொண்டது.

இன்றைய இணையவழிப் பாடத்தில், வாரந்தோறும் விரிவுரையும் வாசிப்பும் கல்லூரியின் தளத்தில் வைக்கப்படும். மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் அவற்றைப் படித்து, குறித்த நாளுக்குள் ஒப்படையை அனுப்பி, வினாக்களுக்கு விடையிறுத்து, சக மாணவரோடு எழுத்தில் விவாதிக்கவும் வேண்டும். நேரம் நம் விருப்பம். நாள் நம் விருப்பமன்று. ஓர் அலகுக்கு வாரத்தில் ஒரு மணி நேரப் பாடமும் இரண்டு மணி நேர வீட்டுவேலையும் என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. ஆகவே மூன்று அலகுப் பாடமொன்று வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்தைக் கொள்ளும். முழுநாள் வேலை செய்பவர் ஒரே தவணையில் நான்கு பாடங்களை எடுப்பது, கடலை நீந்திக் கடக்கப் புறப்படுவது போன்றது.

இம்முறை எல்லாருக்கும் பொருந்துமா? கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சமுதாயக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தினர், வாஷிங்டன் மாநிலத்து மாணவர் பல்லாயிரவரின் பெறுபேறுகளை ஆராய்ந்து 2013 இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரே மாணவர் வகுப்பறையிற் பெறும் பேற்றிலும் இணையவழியிற் பெறும் பேறு பொதுவாகக் குறைவு என்பது அதன் முடிபு. இளவயதினரிடமும், ஆண்களிடமும், முன்னரே குறைந்த புள்ளி பெற்று வந்தோரிடமும் அவ்வீழ்ச்சி அதிகம். வயது முதிர்ந்தோரும் பெண்களும் ஓரளவு ஈடுகொடுத்தனர். முப்பதாண்டு வகுப்பறை அனுபவமுள்ள எனக்கு இது வியப்பளிக்கவில்லை. பின்வாங்கிலிருக்கும் பையனை ஒரு பார்வையால் நிமிர்த்தி உட்காரவைக்கும் வசதி கணினித் திரைக்கு இல்லை.

இப்பொழுது என் பிழைக்கு வருகிறேன்.

நான் ஆசிரியனாக இருந்துகொண்டே வெளிவாரி மாணவனாகக் கலைமாணிப் பட்டம் பெற்றவன். வெளிவாரிப் பட்டம் நம் நாட்டுக்குப் பழகிய பாதை. லண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே எங்கே படித்தவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாமென்று கதவைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை, அந்த லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. அம்முறையில், எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய், எத்தனை மணி நேரம் கற்றாய் என்று எவரும் கேளார். இறுதிப் பரீட்சையில் எழுதியது ஒன்றே கணக்கு. நம் சிந்தையில் ஊறியிருப்பது இந்த முறை. ஆதலால், படித்தது வீண்போகாது என்று நான் எழுதினேன்.

அமெரிக்க முறையோ வேறு. அங்கே பட்டத்தைத் தீர்மானிக்கும் ஒரே இறுதிப் பரீட்சை கிடையாது. ஒவ்வொரு பாடமும் தனித்தனிச் செங்கல். சமுதாயக் கல்லூரியிற் சேர்த்த செங்கற்களில் எவற்றைத் தன் கட்டடத்துக்கு ஏற்பது என்பதைப் பின்னர் சேரும் பல்கலைக்கழகமே முடிவுசெய்யும். ஏற்கும் பாடங்களும் இருவகை. சில, பட்டத்துக்கு வேண்டிய பாடத்தின் இடத்தை நிரப்பும். வேறு சில, விருப்பப் பாடம் என்ற பெயரில் ஏட்டில் ஏறுமேயன்றி, வேண்டிய பாடம் எதனையும் குறைக்கா. அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2004 முதல் 2009 வரை நிறுவனம் மாறிய மாணவர் சராசரியாகத் தம் அலகுகளில் 43 சதவீதத்தை இழந்தனர். தனியார் இலாப நிறுவனங்களிலிருந்து மாறியோரும் இக்கணக்கில் அடங்குவர். அரசாங்கக் கல்லூரிகளுக்கிடையே இழப்பு இதனிலும் குறைவு. ஆயினும் இழப்பு இழப்பே.

என் மாணவிக்கு நேர்ந்ததும் இதுவே. என் சொல்லை நம்பி, இரவு நேரத்துக்கு இசைந்த பாடங்களையெல்லாம் அவர் எடுத்தார். கணக்குப் பதிவு, அலுவலக முறை என்னும் இரண்டும் தொழிற் சான்றிதழுக்கென அமைந்தவை. பல்கலைக்கழகம் அவற்றை ஏற்கவில்லை. இசை ரசனை, ஓவிய ரசனை, திரைப்பட வரலாறு என்னும் மூன்றில் ஒன்று போதுமாயிருந்தது. மற்றை இரண்டும் மிகை. ஆக நான்கு பாடங்கள், பன்னிரண்டு அலகுகள், 552 டொலர். பணம் பெரிதன்று. ஆனால் பதினாறு வாரத் தவணையில் வாரத்துக்கு ஒன்பது மணி நேரமாக நான்கு பாடங்களுக்கும் கணக்கிட்டால் 576 மணி நேரம். கடை மூடி வந்து, சமைத்து, பிள்ளையை உறங்கவைத்த பின் எஞ்சிய இரவுகளிலிருந்து எடுத்த மணிகள் அவை.

இதனைத் தடுக்கும் வழிகள் இல்லாமலில்லை. புளோரிடா மாநிலம் 1971 இலேயே கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே உடன்படிக்கை செய்து, பின்னர் பாடங்களுக்கு மாநிலமெங்கும் ஒரே இலக்கமிட்டது. கலிபோர்னியாவில் 2010 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, மாறுதலுக்கென வகுத்த 60 அலகுத் திட்டத்தை முடித்தவருக்கு மாநில அரசப் பல்கலைக்கழகத் தொகுதியில் ஓரிடம் உறுதி. அங்கே மேலும் 60 அலகு படித்தாற் போதும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எப்பாடத்துக்குச் சமம் என்பதைக் காட்டும் அசிஸ்ற் என்ற இணைய அட்டவணையும் உண்டு. அதனைப் பார்க்கக் கட்டணமில்லை. ஆகவே பாதையின் முடிவிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அது கேட்கும் பாடங்களை மாத்திரம் சமுதாயக் கல்லூரியில் எடுத்தல் வேண்டும். கல்லூரியின் ஆலோசகரிடம் அத்திட்டத்தை எழுத்திலே பெறுவது நன்று. வாய்ச்சொல் ஆண்டு மாறினால் மாறிவிடும்.

இத்துணை வசதியிருந்தும் இப்பாதையின் முடிவை எட்டுவோர் சிலரே. 2024 இல் வெளியான ஆய்வொன்று, சமுதாயக் கல்லூரியிற் சேர்வோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே பல்கலைக்கழகத்துக்கு மாறுகின்றனர் என்றும், ஆறு ஆண்டுகளுக்குள் இளமாணிப் பட்டம் பெறுவோர் 16 சதவீத அளவினரே என்றும் காட்டிற்று. இதனை வைத்து அக்கல்லூரிகளின் ஆசிரியரை மட்டமாக எண்ணவேண்டாம். அந்நாட்டு ஜனாதிபதியின் மனைவியாக இருந்த ஜில் பைடன், 2009 முதல் 2024 வரை வட வேர்ஜினியா சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே படிப்போருள் வேலையும் குடும்பமும் சுமப்போர் மிகப் பலர். அவர்களை இடைவழியில் நிறுத்துவது அச்சுமையே.

இலங்கையில் இருந்துகொண்டு இதனை எண்ணுவோருக்கும் ஒரு சொல். மேற்சொன்ன 46 டொலர் மாநில வாசிகளுக்கே உரியது. வெளியாருக்கு அதனிற் பன்மடங்கு. மாணவர் விசாவிற் செல்வோருக்கு, ஒரு தவணையில் ஒரேயோர் இணையவழிப் பாடமே முழுநேரப் படிப்பின் கணக்கிற் சேரும். எனவே இச்சிக்கனம் அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்ற நம் உறவினருக்குப் பயன்படுமேயன்றி, இங்கிருந்து காணியை ஈடுவைத்துப் புறப்படும் பிள்ளைக்கு அன்று. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற விரும்பும் நம்மவர், 1980 இல் நிறுவப்பட்டு, நாவலயிலிருந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வரை நிலையங்களைக் கொண்டு இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தை முதலில் விசாரிக்கலாம்.

என் மாணவியின் அண்மைய மடல் சென்ற மாதம் வந்தது. ஆலோசகரிடம் எழுத்திற் பெற்ற திட்டத்தின் படியொன்றையும் இணைத்திருந்தார். நுண்பாகப் பொருளியலும் கணக்கியலும் முடிந்துவிட்டன. புள்ளிவிபரவியலும் வர்த்தகச் சட்டமும் எஞ்சியுள்ளன. மதிய உணவு இடைவேளையில், கடையின் பின்புறத்தே நிறுத்திய மோட்டார் வண்டியில் அமர்ந்தவாறே விரிவுரையைக் கேட்பதாக எழுதியிருந்தார்.