பேரன்கள் படம் பிடித்தார்கள். தாத்தா கரண்டி பிடித்தார்!

இணையம் என்றால் இளைஞர்களின் உலகம் என்பார்கள். அந்த உலகத்தில் ஒரு தாத்தா கொடி நாட்டினார். அவர் பெயர் பெரியதம்பி.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலம் அவருடைய ஊர். சமையல்தான் அவருக்குத் தெரிந்த தொழில்.

மழையை நம்பிய பூமி அது. வயலில் ஆண்டு முழுவதும் வேலை இருக்காது. வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது? பேரன்கள் யோசித்தார்கள். தாத்தாவின் கைப்பக்குவம் நினைவுக்கு வந்தது!

2018-ல் யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பிறந்தது.

வயல்வெளியே அடுப்படி

வயல்வெளியில் அடுப்பு மூட்டினார்கள். அம்மியில் மசாலா அரைத்தார்கள். பெரிய பெரிய பாத்திரங்களில் சமைத்தார்கள். சமைத்த உணவை முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் கொடுத்தார்கள்.

தாத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். அதற்காக அவர் வாலிப வேடம் போடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். தெரிந்த தொழிலைச் செய்தார். அதைத்தான் இளைஞர்கள் விரும்பிப் பார்த்தார்கள்!

ஒரு கோடிப் பேர்!

2021-ல் ராகுல் காந்தி அவர்களோடு அமர்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டில் சேனலின் சந்தாதாரர்கள் 1 கோடியைத் தொட்டார்கள். தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுதான்.

அப்போது கொரோனா காலம். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

பேரன்களுக்குக் கருவி தெரியும். தாத்தாவுக்குப் பக்குவம் தெரியும். இரண்டும் சேர்ந்தன, குடும்பம் நிமிர்ந்தது.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் ஏதாவது ஒரு கைவேலை தெரிந்திருக்கும். இன்றே கேட்டுப் பாருங்கள்!