மறுமுறை கேட்டால் குற்றமா?

உடம்புக்கு முடியாதபோது கடவுளுக்கு அடுத்தபடியாக நாம் நம்புவது மருத்துவரையும் செவிலியரையும்தான். அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். ஒருவரே பல கட்டில்களைக் கவனிக்கிறார். ஆகவே தவறு நேரக்கூடும். அத்தவறு நோயாளியின் உடம்பை எட்டும் முன் அதைப் பிடிப்பது எப்படி என்பதையே இங்கு எழுத விரும்புகிறோம்.

திருப்புலிவனத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி, சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்த தன் பாட்டிக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தாள். அதே வார்டில் அதே பெயருடைய இன்னொரு பாட்டியும் இருந்தார். காலையில் செவிலியர் ஊசியுடன் வந்து, பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்று கேட்டார். காது மந்தமான பாட்டி வழக்கம்போல் "ஆமாம்மா" என்று கையை நீட்டிவிட்டார்! "சிஸ்டர், இது என்ன ஊசிங்க?" என்று தோழி கேட்டாள். "சர்க்கரைக்கு" என்றார் அவர். "பாட்டிக்குச் சர்க்கரை இல்லீங்களே!" செவிலியர் சீட்டைப் பார்த்தார், முகம் வெளுத்தது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இன்சுலின் போட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதில் பாடம் கேள்வியின் அமைப்பில்தான் இருக்கிறது. "நீங்கதானே?" என்றால் பாதித் தூக்கத்தில் இருப்பவரும் ஆமாம் என்பார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டால் அவரே சொல்லியாக வேண்டும். பெயருடன் பிறந்த தேதியையோ மருத்துவமனை எண்ணையோ சேர்த்துப் பார்ப்பதே சரியான முறை. கட்டில் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கட்டில் மாறிப் படுப்பது நம் ஊரில் புதிதா என்ன?

பெருந்தவறு பெரும்பாலும் ஒருவரால் மட்டும் நேர்வதில்லை. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் வந்தது சிவகாசி இரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-ஆம் ஆண்டிலேயே ஓர் இரத்ததானத்தின்போது தெரிந்திருந்தும் அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. மறுபடி கொடுத்தபோது, பரிசோதனையிலும் அது தப்பிவிட்டது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்துக்கொண்டபோது உண்மை அறிந்து, அவர் தாமாகவே தெரிவித்தார். அதற்குள் இரத்தம் ஏற்றியாகிவிட்டது. 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பணம் கொடுத்துத் திருப்பக்கூடியதா அது? ஊழியர்மீது நடவடிக்கை எடுத்தது சரியே. ஆயினும் 2016-ல் திறந்து கிடந்த கதவை யாரும் மூடாததே எங்களுக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைச் சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன், நோயாளி யார், எந்த இடம், என்ன சிகிச்சை என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிவில் கருவிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ண வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, ஆயிரம் பேருக்கு 15 ஆக இருந்த மரணம் 8 ஆகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை, ஒரு தாள்தான்!

வாய்விட்டுச் சொல்வது நம் பகுதிக்குப் புதிதன்று. பக்கத்திலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையில், குடத்திலிருந்து ஓலையை எடுப்பவர் ஒரு சிறுவர். அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஒருவர் வாங்கி வாசிப்பார். பிறகு அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிப்பர். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கவே அத்தனை கவனம்!

வீட்டாருக்கும் வேலை உண்டு. பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கேட்கும் முன்பே சொல்ல வேண்டும். இது என்ன மருந்து என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல செவிலியர் கோபிப்பதில்லை. அன்று ஊசியுடன் நின்ற அந்தச் செவிலியரே, போகும்போது எங்கள் தோழியின் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம்.

பாட்டி இப்போது நலம். மாதமொரு முறை மருத்துவமனைக்குப் போகிறார். வெள்ளை உடுப்பைக் கண்டதும், யாரும் கேட்கும் முன்பே தம் பெயர், கணவர் பெயர், "திருப்புலிவனம், எனக்குச் சர்க்கரை இல்லை" என்று உரக்கச் சொல்லிவிடுகிறாராம்.