தசையின் பருமனும் உடலின் வலிமையும்

பெங்களூரு ஸ்ரீராம்புரம் போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளிலும் இன்று உடற்பயிற்சிக் கூடங்களைக் காண்கிறோம். அவற்றில் ஆர்வத்துடன் சேரும் இளைஞர் சிலர், ஒரு மாதத்திற்குள் கை பெருக்கவில்லை என்று மனம் தளர்ந்து விலகுகின்றனர். வேறு சிலர் மருத்துவரைக் கேளாமலே ஊக்கமருந்துகளை நாடி உடல்நலத்தைக் கெடுத்துக்கொள்கின்றனர். தசை பருத்தால்தான் வலிமை கூடும் என்னும் எண்ணமே இரண்டிற்கும் காரணம். அது பாதி உண்மையே.

கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தைச் சேர்ந்த குருராஜா பூஜாரி, 2018ஆம் ஆண்டு கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், 56 கிலோ எடைப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அன்று அவர் தலைக்குமேல் உயர்த்திய அதிகபட்ச எடை 138 கிலோ. அது அவருடைய உடல் எடையைப்போல் இரு மடங்கிற்கும் மேல். அதே போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ்குமார் சிவலிங்கம் 173 கிலோவை உயர்த்தினார். ஆணழகன் போட்டி மேடைகளில் இவர்களைவிடப் பருத்த தசையுடையோரைக் காணலாம். எனினும் அவர்களுள் பெரும்பாலோரால் இந்த எடைகளைத் தூக்க இயலாது.

தசையின் குறுக்குப் பரப்பு கூடும்போது அது உண்டாக்கும் விசையும் கூடுகிறது என்பது மெய்யே. ஆனால் தசையை இயக்குவது நரம்பு மண்டலம். பயிற்சியின் முதற்சில வாரங்களில் பெறும் வலிமையில் பெரும்பகுதி நரம்புகளின் தேர்ச்சியால் வருவது. ஒரே நேரத்தில் மிகுதியான தசை நார்களை இயக்க அவை பழகுகின்றன. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி அதன் பின்னரே, மெதுவாக வருகிறது. பயிலும் முறையும் இங்கு முக்கியம். அதிக எடையைச் சில முறை மட்டும் தூக்குவது வலிமையை வளர்க்கும். மிதமான எடையைத் தசை களைக்கும் வரை பலமுறை தூக்கினாலும் பருமன் நன்கு கூடும்.

இவ்வுண்மை முதியோருக்கும் நம்பிக்கை தருவது. வயது ஏறும்போது தசையின் அளவைவிட அதன் வலிமையே விரைந்து குறைகிறது. நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் அதனாலேயே கடினமாகின்றன. முதுமையிலும் தக்க பயிற்சியால் வலிமையைக் கூட்ட இயலும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசை வலிமைப் பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உடையோர் மருத்துவரின் ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும்.

எனவே, கையின் சுற்றளவை மட்டும் அளந்து சோர்வடைய வேண்டா. சென்ற மாதம் தூக்கிய எடையையும் இம்மாதம் தூக்கும் எடையையும் குறித்துவைத்து ஒப்பிடுவோம். வலிமையின் வளர்ச்சி முதலில் அங்கேதான் புலப்படும்.