மெடிக்கல் ‘பிட்’ என்றால் எல்லாம் சரியா?

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையோரக் குடும்பங்களில் பலர் தாம் அறியாமலே பாலியல் தொற்றுப் பரிசோதனை செய்துகொண்டவர்கள்தான். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பார்க்கப்படுகின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்ததற்கு இதுவே அடிப்படை. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் மெடிக்கலில் இந்தச் சோதனைகள் உண்டு.

ஆனால் மனைவியின் முடிவு கணவனுக்குச் செல்லாது. பலநாள் படகில் போய் வருகிறவரை யாரும் கூப்பிட்டு இரத்தம் எடுப்பதில்லை, அவராகத்தான் போகவேண்டும்.

மெடிக்கலில் ‘பிட்’ என்று வந்தாலும் வெட்டை நோயும் கிளமிடியாவும் இல்லையென்று ஆகிவிடாது. அவற்றை இரத்தத்தில் தேடுவதில்லை. சிறுநீரிலோ, பஞ்சுக்குச்சியால் உறுப்பில் எடுக்கும் மாதிரியிலோதான் தேடவேண்டும். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இராது. கவனியாமல் விட்டால் கருக்குழாயை அடைத்துவிடக்கூடும். முன்னேஸ்வரத்திலும் தலவிலவிலும் பிள்ளைவரம் கேட்டு நேர்த்தி வைக்கும் தம்பதிகள் சிலருக்கு இதுவே காரணமாயிருக்கலாம். சிபிலிஸ் இன்னொரு விதத்தில் ஏமாற்றும்: வலியில்லாத புண் தானே ஆறிவிடும், நோய் உடம்பிலேயே தங்கிவிடும். ஆரம்பத்திலேயே கண்டால் பென்சதின் பெனிசிலின் ஊசி ஒரு தடவை போதும்.

நேற்று நடந்ததற்கு இன்று சோதித்து நிம்மதியடைய முடியாது. வெட்டை, கிளமிடியாவுக்கு இரண்டு வாரம், புதிய எச்.ஐ.வி. சோதனைக்கு ஆறு வாரமளவு, சிபிலிசுக்கு மூன்று மாதம் வரை செல்லும். எச்.ஐ.வி. பயம் இருந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும்.

புத்தளம், சிலாபம் ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய் கிளினிக் உண்டு. காசில்லை, வைத்தியரின் கடிதமும் வேண்டாம். ஊரார் கண்ணில் படுவோமென்று கூச்சப்படுகிறவர் நீர்கொழும்புக்கே போகலாம். எந்த மாவட்டத்தார் என்று பார்த்துத் திருப்பி அனுப்பமாட்டார்கள். போகுமுன் பார்மசியில் நாலு கெப்சியூல் வாங்கி விழுங்குவதுதான் பெரிய கெடுதல். சீழ் வடிவது நின்றுவிடும், ஆனால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், சோதனையிலும் அகப்படாமல் போகலாம். மாதிரி கொடுக்குமுன் ஆண்கள் ஓரிரு மணித்தியாலம் சிறுநீர் கழிக்காதிருப்பது நல்லது.

தொற்று உறுதியானால் துணைவரையும் அழைத்துவரச் சொல்வார்கள். மனைவி மட்டும் மருந்தெடுத்து, கணவன் அப்படியே அடுத்த படகேறினால் அவர் திரும்பும்போது நோயும் திரும்பும். இருவரும் மருந்தை முடித்து, ஒரு வாரமாவது சேராதிருக்கவேண்டும்.