பெயரை மறைத்தால்தான் நியாயமா?

ஹெச்.ஐ.வி. உள்ளவர் உரிமை கேட்டு கோர்ட் படியேறத் தயங்கியது சட்டத்துக்குப் பயந்து அல்ல, ஊருக்குப் பயந்து.

1989 பிப்ரவரி. கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் செய்த ஒரே காரியம் ரத்த தானம். அந்த ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. கிருமி இருந்தது. பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் தனியாக அடைக்கப்பட்டார். அப்படி அடைத்துவைக்க மாநிலப் பொது சுகாதாரச் சட்டமே இடம் தந்தது. தாயார் லூசி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டம் செல்லும் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம். தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாத கிருமிக்கு இந்தச் சிறை! வெளியே வந்த டிசூசா வேலையையும் இழந்தார். 1992ல் இறந்தார்.

அவர் பெயர் நாடறிந்ததாகிவிட்டது. மற்றவர்களைத் தடுத்ததும் இதுதான். வழக்குப் போட்டால் பெயர் வெளியே வரும். வேலை திரும்பக் கிடைத்தாலும் வாடகைக்கு வீடு கிடைக்குமா?

முதல் கதவு 1997ல் திறந்தது. பொதுத்துறை நிறுவனமொன்றின் தற்காலிகத் தொழிலாளி ஹெச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி நீக்கப்பட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை ‘எம்.எக்ஸ்.’ என்ற பெயரிலேயே வழக்காட அனுமதித்தது. வேலை செய்யத் தகுதி இருக்கிறது, பிறருக்கு ஆபத்து இல்லை என்றால் வேலையை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பும் தந்தது.

அடுத்த ஆண்டே சறுக்கல். சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து ரகசியம் கசிந்து திருமணம் நின்றுபோன ‘எக்ஸ்’ என்பவருக்கு உச்ச நீதிமன்றம் நிவாரணம் தர மறுத்தது. அவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டதாகச் சொன்னது. திருமணம் பற்றிய அந்தக் கருத்து தேவையற்றது என்று 2002ல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது.

புனைபெயர் எல்லோருக்கும் உதவாது. 2003ல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் கிருமி பாதித்த இரு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மற்ற பெற்றோர் எதிர்ப்புக் காட்டினார்கள். ஊருக்கே தெரிந்த பெயரை எங்கே ஒளிப்பது? மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அந்தக் குழந்தைகளை அணைத்துக்கொண்டார். படம் பத்திரிகைகளில் வந்தது, சட்டம் வரவில்லை.

அது வந்தது 2017ல். அமலானது 2018 செப்டம்பர் 10ல். வேலை, பள்ளி, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு கூடாது. சம்மதமின்றிப் பரிசோதனை கூடாது. ‘எக்ஸ்’ வழக்கின் சிக்கலுக்கும் விடை உண்டு: வாழ்க்கைத்துணைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால், சம்பந்தப்பட்டவருக்கு ஆலோசனை கூறி, அவராகச் சொல்லமாட்டார் என்று தெரிந்த பிறகே, அவரிடம் அறிவித்துவிட்டுத் துணையிடம் நேரில் சொல்லலாம். வழக்கில் அடையாளத்தை மறைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

கோர்ட்டுக்கே போகாமல் புகார் தர மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மேன்) இருக்க வேண்டும். 30 நாட்களுக்குள் உத்தரவு; மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்தில்.

ஆனால் யாராவது புகார் தந்தால்தான் இந்தச் சட்டம் அசையும். அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவருக்கு அதை எங்கே தருவது என்று தெரிய வேண்டாமா? குறைதீர்ப்பாளரின் முகவரியை மாத்திரை தரும் ஜன்னலுக்கு மேலேயே எழுதி வைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.