இக்னிஷனில் கார் சாவி சிக்கிக்கொள்ளுதல்

இக்னிஷனில் கார் சாவி சிக்கிக்கொள்ளுதல் என்பது, எஞ்சினை நிறுத்திய பிறகும் சாவியை அதன் துவாரத்திலிருந்து வெளியே எடுக்க முடியாத நிலையைக் குறிக்கும். சாவி திரும்பவே மறுப்பது, திரும்பினாலும் வெளியே வர மறுப்பது என இரண்டு விதமாக இது தோன்றும். பல நேரங்களில் இது பழுதே அல்ல. காரில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்வதன் விளைவு. அதை அறியாமல் சாவியைப் பலமாக இழுத்து உடைத்துவிட்டால், ஒரு நிமிடத்தில் செலவில்லாமல் தீர்ந்திருக்க வேண்டிய சிக்கல், பூட்டையே மாற்றும் செலவில் போய் முடியும். ஆகவே எளிய காரணத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதே சரியான முறை. பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில் சாவியைச் செருகும் துவாரம் இல்லை என்பதால் அவற்றில் இச்சிக்கல் எழுவதில்லை.

வரலாறு

தொடக்ககாலக் கார்களின் எஞ்சினை முன்புறம் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் இயக்கினர். 1912-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் இயங்கும் முறையைக் கிரைஸ்லர் நிறுவனம் 1949-இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் பல கார்களில் சாவி மின்னிணைப்பை மட்டுமே திறந்தது. எஞ்சினை இயக்கத் தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது.

அமெரிக்காவில் கார் திருட்டு பெருகியதால், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1969-ஆம் ஆண்டு மாடல்களில் இக்னிஷன் பூட்டை டேஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் தண்டுக்கு மாற்றி, சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்படி அமைத்தது. திருட்டுத் தடுப்புக்கான அமெரிக்கக் கூட்டாட்சித் தரவிதி 1970 முதல் நடைமுறைக்கு வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அவ்விதி விரிவாக்கப்பட்டு, ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் 'பி' என்னும் பார்க் நிலையில் இல்லாமல் சாவியை எடுக்க முடியாதபடி செய்யப்பட்டது. ஓட்டுநர் இல்லாத நேரத்தில் கார் தானாக உருள்வதையும், தனியே இருக்கும் குழந்தைகள் கியரை நகர்த்திவிடுவதையும் தடுப்பதே இதன் நோக்கம்.

பூட்டு இயங்கும் விதம்

இக்னிஷன் பூட்டுக்குள் உருளை ஒன்று உண்டு. அதில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அமர்ந்திருக்கும். சாவி இல்லாதபோது இத்தகடுகள் உருளைக்கு வெளியே நீண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு உருளையைச் சுழலவிடாமல் தடுக்கும். சரியான சாவியைச் செருகியதும், அதன் மேடு பள்ளங்கள் தகடுகளை உருளையின் விளிம்புக்குச் சமமாக இழுத்து வைக்கும். அப்போதுதான் உருளை சுழலும்.

சாவியை வெளியே இழுக்கும்போது அதன் ஒவ்வொரு மேடும் தகடுகளைக் கடந்து வர வேண்டும். அதற்குத் தகடுகள் மேலும் கீழும் அசைய இடம் தேவை. அந்த இடம் 'லாக்' நிலையில் மட்டுமே உண்டு. 'ஏசிசி', 'ஆன்' ஆகிய நிலைகளில் கூட்டின் சுவர் தகடுகளை மூடியிருப்பதால், எவ்வளவு இழுத்தாலும் சாவி வராது. 'லாக்' நிலைக்கு மிகச் சிறிதளவு குறைவாகத் திரும்பியிருந்தாலும் இதே கதைதான்.

இந்தத் தகடுகளைத் தவிர மேலும் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் நுழைந்து அதைப் பூட்டும் உலோகத் தாழ். மற்றொன்று, ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் லிவரையும் சாவியையும் கேபிள் வழியாகவோ மின்காந்தத் தாழ் வழியாகவோ பிணைக்கும் ஏற்பாடு. சாவி சிக்கும்போது இம்மூன்றில் எது தடுக்கிறது என்று கண்டறிவதே சோதனையின் சாரம்.

முதலில் செய்ய வேண்டியவை

சாவியைத் தொடுவதற்கு முன் காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைபிரேக்கை முழுவதும் இழுத்துவிட வேண்டும். சரிவான இடமாக இருந்தால் சக்கரத்துக்கு ஒரு கல்லையோ கட்டையையோ அண்டக் கொடுக்கலாம். கியர் பார்க் நிலையில் சரியாக விழாததே காரணம் என்றால், கார் எந்த நேரமும் உருளக்கூடும். காரில் குழந்தைகள் இருந்தால் அவர்களை இறக்கிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் காரில் சாவியை ஒருபோதும் 'லாக்' பக்கம் திருப்பிப் பார்க்கக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

காரணங்களும் தீர்வுகளும்

1. கியர் சரியான நிலையில் இல்லாமை. ஆட்டோமேட்டிக் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரேக்கை மிதித்து, லிவரை 'டி' வரை கொண்டுபோய் மீண்டும் 'பி' நிலைக்கு அழுத்தமாகத் தள்ள வேண்டும். லிவரை அந்நிலையில் கையால் தள்ளிப் பிடித்தபடியே சாவியைத் திருப்பினால் வந்துவிடுகிறது என்றால், லிவருக்கு அடியிலுள்ள சிறு சுவிட்சோ கேபிளோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். சிந்திய காபி, குளிர்பானம் ஆகியவற்றின் சர்க்கரைப் பிசுக்கும் உள்ளே விழுந்த நாணயமும்கூட லிவரை முழுமையாக நகரவிடாமல் தடுக்கும்.

2. சாவியை எடுக்கும் முறை தெரியாமை. மேனுவல் கியர் கொண்ட கார்கள் பலவற்றில், 'ஏசிசி' நிலையிலிருந்து 'லாக்' நிலைக்குத் திருப்பும்போது சாவியை உள்நோக்கி அழுத்த வேண்டும். வேறு சிலவற்றில் துவாரத்தின் அருகிலுள்ள சிறு பொத்தானையோ நெம்பையோ அழுத்த வேண்டும். ஓடும்போது தவறுதலாக ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதிருக்கவே இந்த ஏற்பாடு. சாப் நிறுவனத்தின் கார்கள் இதில் தனி வகை. அவற்றில் சாவித் துவாரம் இரு இருக்கைகளுக்கும் நடுவே இருந்தது, மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் சாவியை எடுக்க முடியும். இரவல் வாங்கிய காரிலோ வாடகைக் காரிலோ சாவி சிக்கினால், கையேட்டைப் பார்ப்பதே முதல் வேலை.

3. ஸ்டியரிங் தாழின் இறுக்கம். சக்கரங்களை ஒரு பக்கம் ஒடித்து, நடைபாதையின் விளிம்பில் முட்டியபடி நிறுத்தினால், ஸ்டியரிங் தண்டு தாழை ஒரு பக்கமாக நெரிக்கும். சாவி உள்ளே சென்றும் திரும்பாமல் நிற்பதற்கு இது பொதுவான காரணம். ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்துக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் சிறிது இளக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் சாவி எளிதில் திரும்பும்.

4. பேட்டரி இறங்கியிருத்தல். மின்காந்தத் தாழ் உள்ள சில மாடல்களில், பேட்டரியில் மின்சாரம் இல்லாவிட்டால் தாழ் விலகாது. கியர் 'பி' நிலையில் இருந்தும் சாவி வராது. டேஷ்போர்டு விளக்குகள் எரியாமலோ மங்கலாகவோ இருப்பது இதன் அடையாளம். வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்தால் சாவி விடுபடும். சில கார்களில் ஸ்டியரிங் தண்டின் உறைக்கு அடியில், தாழைக் கையால் விலக்குவதற்கான சிறு துளை ஒன்றும் இருக்கும். அதன் இடம் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

5. தேய்ந்த அல்லது வளைந்த சாவி. டப்பா திறக்கவும் பார்சல் கிழிக்கவும் கார் சாவியைப் பயன்படுத்துவோர் உண்டு. சற்றே வளைந்த சாவியும் தகடுகளைத் தவறான உயரத்தில் நிறுத்திவிடும். சாவியை இழுக்காமல், மிக மெதுவாக உள்ளும் வெளியும் அசைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய மாற்றுச் சாவி அதே தேய்மானத்தோடுதான் இருக்கும். ஆகவே புதிய காருடன் தந்த சாவி எண்ணைக் கொண்டோ, பயன்படுத்தாத அசல் சாவியைக் கொண்டோ வெட்டுவதே நல்லது. சிப் பொருத்திய சாவியானால் வெட்டினால் மட்டும் போதாது; காரின் கணினியிலும் பதிய வேண்டும்.

6. தூசியும் பிசுக்கும். சட்டைப்பை நூலும் மண்துகளும் சாவியோடு சேர்ந்து துவாரத்துக்குள் போகும். இதற்குக் கிராஃபைட் தூளோ, உலர்ந்து படியும் டெஃப்லான் ஸ்பிரேயோ சிறிதளவு போதும். தேங்காய் எண்ணெயும் கிரீஸும் ஊற்றினால் அன்றைக்குச் சரியானது போலத் தோன்றும். ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்து, சில வாரங்களில் தகடுகளைப் பசைபோல ஒட்டச் செய்யும்.

7. உருளையோ சுவிட்சோ தேய்ந்திருத்தல். மேற்கண்ட எதுவும் பலிக்காமல், சாவி ஒவ்வொரு முறையும் முரண்டு பிடித்தால், பூட்டின் உருளையோ அதற்குப் பின்னுள்ள மின் சுவிட்சோ தேய்ந்திருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை.

செய்யக் கூடாதவை

குறடால் பிடித்து இழுப்பதும் சுத்தியலால் தட்டுவதும் சாவியை உள்ளேயே உடைக்கும். உடைந்துவிட்டால், மீதித் துண்டை இன்னொரு சாவியால் குத்தித் தள்ளக் கூடாது. பசை தடவிய குச்சியை நுழைக்கவும் கூடாது. பூட்டு 'லாக்' நிலையில் இருந்தால், பூட்டுத் தொழிலாளி கொக்கி போன்ற மெல்லிய கருவியால் துண்டை எடுத்துவிடுவார். வேறு நிலையில் உடைந்திருந்தால் முதலில் உருளையைத் திருப்ப வேண்டியிருக்கும்.

ஸ்டியரிங் தண்டின் உறையைத் தாமே கழற்றுவதும் நல்லதல்ல. ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கிறது; தவறாகக் கையாண்டால் அது வெடித்து விரியக்கூடும்.

சாவியை எடுக்க முடியாதபோது

உடனே உதவி கிடைக்காவிட்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியை இயன்றவரை 'லாக்' நிலைக்கு அருகில் கொண்டுவர வேண்டும். சாவி 'ஆன்' நிலையிலேயே நின்றுவிட்டால் பேட்டரி இறங்கும்; பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தால் அதைத் தவிர்க்கலாம். கதவுகளை மாற்றுச் சாவியால் பூட்டலாம். ஆனால் சாவி தொங்கும் காரில் குழந்தைகளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. பவர் விண்டோ கண்ணாடி கழுத்தை நெரிக்கவும், கார் நகரவும் ஒரு திருப்பு போதும். பூட்டிய கார் வெயிலில் சில நிமிடங்களிலேயே கடும் வெப்பம் அடைந்துவிடும்.

தடுப்பு முறைகள்

கார் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, பொம்மை என்று கொத்தாகத் தொங்கவிடுவதைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பாரம் ஒவ்வொரு குலுக்கலிலும் உருளையை இழுத்துத் தேய்க்கும். இக்னிஷனும் சாவிக் கொத்தின் பாரமும் எவ்வளவு தீவிரமான விஷயம் என்பதற்கு 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த நிகழ்வு சான்று. அது சாவி சிக்கும் பழுது அல்ல, அதற்கு நேர்மாறானது. சுவிட்ச் மிகத் தளர்வாக இருந்ததால், சாவிக் கொத்தின் பாரத்தாலோ முழங்கால் பட்டதாலோ ஓட்டத்தின் நடுவே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் நின்றது, ஏர்பேக்கும் விரியவில்லை. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழுது நீக்கும்வரை வளையத்தில் வேறெதுவும் இல்லாமல் சாவியை மட்டும் பயன்படுத்துமாறு உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, நிறுத்தும்போது சக்கரங்களை நேராக வைப்பது, கியர் லிவரின் அருகே பானங்களைச் சிந்தாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை பூட்டின் ஆயுளைக் கூட்டும். சாவி முதன்முறை சற்றே தயங்கும்போதே கவனிப்பது நல்லது. அன்று சுத்தம் செய்து கிராஃபைட் இடுவதோடு முடியும் வேலை, நள்ளிரவில் ஊருக்கு வெளியே சாவி சிக்கிய பிறகு அவ்வளவு எளிதில் முடியாது.