பலாப்பழத்தின் மேல் பலாப்பழம்

கல்யாணங்களில் படம் எடுத்துப் பிழைக்கும் வாசகர் ஒருவர், தம்முடைய நிக்கான் டி850 கேமராவுக்கு அந்தக் கம்பெனியாரே செய்கிற எம்பி-டி18 பேட்டரி கிரிப்பை, அதாவது அடியில் மாட்டும் மின்கலப் பிடியை, வாங்குவதா, அன்றிப் பார்வைக்கு அதன் இரட்டைப் பிள்ளைபோல் இருந்து விலையில் மட்டும் வெகுவாகத் தாழ்ந்த வேற்றுக் கம்பெனிச் சரக்கை வாங்குவதா என்று கேட்டிருக்கிறார். கிரிப் போட்டால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொன்னாராம். அது பாதி சத்தியம். 2017இல் வெளிவந்த அந்தக் கேமரா வினாடிக்கு 7 படம் எடுப்பது, 10.8 வோல்ட் கொண்ட இஎன்-இஎல்18பி மின்கலத்தைக் கிரிப்பில் இட்டால் அது 9 ஆகும். கேமராவோடு வரும் 7 வோல்ட் மின்கலத்தையே இட்டால், ஒரிஜினலாயினும் நகலாயினும், ஏழு ஏழுதான்.

கிரிப்பின் பூர்வீகத்தைக் கேட்டால், 1959இல் பிறந்த நிக்கான் எஃப் கேமராவின், ஃபிலிமைத் தானே நகர்த்தும் எஃப்-36 மோட்டாருக்கு ஆதியில் மின்கலப் பெட்டி தனியே ஒரு கம்பியின் முனையில் தொங்கிற்று. பிற்பாடு அது கேமராவின் அடியில் ஒட்டிக்கொண்டது. சரித்திரம் இம்மட்டில் போதும்.

விசேஷம் இருப்பது உலோகமும் உலோகமும் ஸ்பரிசிக்கும் இடத்தில். கேமராவுக்குள் இருக்கும் மின்கலத்தின் மின்சாரம் ஒரு ஜோடித் தகடுகளைக் கடந்தால் போதும். கிரிப்பில் இருப்பதோ மின்கலத்திலிருந்து கிரிப்புக்கும், கிரிப்பிலிருந்து கேமராவுக்கும் என இருமுறை கடக்க வேண்டும். வழவழப்பாகத் தோன்றும் தகடுகள் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரு பலாப்பழங்கள். முள்ளும் முள்ளும் முட்டும் சில புள்ளிகளில்தான் மின்சாரமென்னும் எறும்பு இப்பழத்திலிருந்து அப்பழத்துக்கு ஏறமுடியும். பழம் பெரிதாயிருந்து பயனில்லை. அழுத்தினால்தான் முட்கள் நசுங்கி வழிகள் பெருகும், அந்த அழுத்தத்தைத் தருவது தகட்டின் வில். முள்நுனியில் பால் கசிந்து உறைந்தாலோ எறும்பு சிக்கிக்கொள்ளும். மட்ட உலோகத்தின்மேல் படரும் ஆக்ஸைடு அந்தப் பாலுக்குச் சமானம், தங்க முலாமோ பால் வடியாத பலா. (அப்படியொரு மரம் இருந்தால் பண்ருட்டிக்காரர்கள் இதற்குள் பயிர் செய்திருப்பார்கள்.) நெரிசலில் எறும்புக்கு வியர்க்குமோ என்னவோ, தகடு சூடேறுவது நிச்சயம்.

இத்தகைய ஸ்பரிசங்களின் பௌதிகத்தை ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர் ஸ்வீடன் தேசத்தவரான ராக்னர் ஹோல்ம். உதாரணத்துக்கு, தொடர்ந்து படம் எடுக்கையில் 3 ஆம்பியர் பாய்வதாகவும், வில் தளர்ந்த தகட்டில் 0.1 ஓம் தடை இருப்பதாகவும் கொள்வோம்: 0.3 வோல்ட் அங்கேயே தொலைகிறது. மின்கலம் நிறைந்திருக்கும்போது இது பொருட்டல்ல. பாதி இறங்கியபின், தாலி கட்டும் அந்தச் சமயத்தில், கேமரா மின்கலம் தீர்ந்தது என்று தவறாக முடிவுகட்டிக் கண்ணை மூடிவிடும். நிறுத்தி மறுபடி இயக்கினால் பாதி இருக்கிறது என்று கூசாமல் காட்டும்.

ஆகவே நகலைக் கையில் எடுத்ததும் பிளாஸ்டிக்கின் பளபளப்பை விட்டுத் தகட்டை விரல்நகத்தால் அமுக்கிப் பார்க்க வேண்டும். விறைப்பாக மீள வேண்டும். பாதி தீர்ந்த மின்கலத்தை இட்டு, கிரிப்பைச் சற்றே முறுக்கியபடி தொடர்ந்து படம் எடுத்தும் அணையாவிட்டால், அதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. கனத்த லென்ஸோடு கிரிப்பைப் பிடித்தே தூக்குகிறவர்களுக்கு, நாளடைவில் உராய்ந்து முலாம் தேயுமாதலால், ஒரிஜினலே உசிதம். எதை மாட்டினாலும் டி850இன் மெனுவில் கிரிப்பின் மின்கலமே முதலில் செலவாகும்படி வைத்துக்கொள்ளலாம்; கேமராவுக்குள் இருப்பதை மாற்றக் கிரிப்பையே கழற்ற வேண்டியிருக்கும்.